தரையில் ஒரு போர்க்களம்

காகித வீடுகள். குச்சி மரங்கள். சாக்குக்கட்டியால் வரைந்த ஆறு. இரு கரையிலும் ஈயச் சிப்பாய்கள்.

தரையில் மண்டியிட்டு இந்தக் கிராமத்தை அமைத்தவர் சிறு பிள்ளை அல்ல. உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ்!

1866-ல் இங்கிலாந்தில் பிராம்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சிறு கடைக்காரர். ஏழு வயதில் வெல்சுக்குக் கால் முறிந்தது. படுக்கையில் புத்தகங்களே துணை. பின்னர் வறுமையால் ஜவுளிக் கடையில் வேலை பழகினார். அது பிடிக்கவில்லை. விடாமல் படித்து ஆசிரியரானார். 1895-ல் வந்த "கால யந்திரம்" நாவல் பெரும் புகழ் தந்தது.

மகன்கள் இருவருடன் தரையில் விளையாடுவதில் அவருக்குக் கொள்ளை ஆசை. காகித வீடுகளுக்குள் மரக்கட்டைகளை அடைப்பார்கள். கதவு, ஜன்னல்களை வர்ணத்தில் தீட்டுவார்கள். பிறகு போர் தொடங்கும்! ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கி மரக்குண்டு வீசும். அடிபட்டு விழுந்த சிப்பாய் இறந்தவன்.

விளையாட்டின் விதிகளை 1913-ல் "சின்னப் போர்கள்" என்ற நூலாக வெளியிட்டார். பொம்மைப் போரிலேயே இத்தனை குழப்பம் என்றால், மெய்ப் போரில் எவ்வளவு நாசம் விளையும் என்று அதில் எச்சரித்தார்.

உலகம் கேட்கவில்லை. மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. வெல்சும் அதை ஆதரித்து எழுதினார். அதோடு போரே ஒழியும் என்று நம்பினார். நம்பிக்கை பொய்த்தது. 1939-ல் மீண்டும் போர். 1945-ல் அணுகுண்டு. 1946-ல் வெல்ஸ் மறைந்தார்.

அவர் வீட்டுத் தரையில் விழுந்த சிப்பாய்கள் மட்டும் அடுத்த ஆட்டத்தில் எழுந்து நின்றார்கள்.