நாதத்தை ஆராய்ந்த ராமன்

ஆரணிப் பட்டு நெய்யும் தேசூரில் தறியண்டை நிற்கும் எவரும், இழுத்துக் கட்டிய நூலொன்றை விரலால் சுண்டிப் பார்க்கலாம். நூல் அதிர்கிறது, அதைச் சூழ்ந்த காற்றும் அதிர்கிறது, அவ்வதிர்ச்சி செவிப்பறையை எட்டும்போது அதை ஒலியென்று அறிகிறோம். நூலை இறுக்கினால் ஸ்வரம் ஏறும்; தளர்த்தினால் இறங்கும். ஒலிச் சாஸ்திரத்தின் அரிச்சுவடி இதுவே. ஸர் ஸி. வி. ராமனை ஒளியை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றவர் என்று யாவரும் அறிவர். அதற்கு முன் பல்லாண்டுகள் அவர் ஒலியை ஆராய்ந்ததை அறிந்தவர் சிலரே.

1888-ல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ராமன், சென்னை ராஜதானிக் கலாசாலையில் பயின்று, 1907-ல் நிதி இலாகா உத்தியோகஸ்தராய்க் கல்கத்தா சென்றார். தந்தையார் வயலின் வாசிப்பவர். மனைவி லோகசுந்தரி வீணை பயின்றவர். பகலில் சர்க்கார் கணக்குப் பார்த்த ராமன், காலையிலும் இரவிலும் மகேந்திரலால் ஸர்க்கார் 1876-ல் ஸ்தாபித்த விஞ்ஞான அபிவிருத்தி ஸங்கத்தில் உழைத்தார். 1917-ல் அதிக வருவாயுள்ள பதவியைத் துறந்து, குறைந்த சம்பளத்தில் ஸர்வகலாசாலைப் பேராசிரியரானார்.

எடிஸன் 1877-ல் தகரத் தகட்டில் ஊசியால் கீறிக் குரலைப் பதிந்தார். 1902-ல் அந்நியக் கம்பெனியொன்று கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்து, ஜெர்மனியில் இசைத்தட்டாக்கி, நம்மவரிடமே விற்றது. அதே நகரில் ராமன் ஒலியைப் பதிந்தது வியாபாரத்திற்காக அன்று. தந்தியின் அசைவைப் புகைப்படத் தகட்டில் ஒளிக்கோடாக விழச்செய்து, வில் தந்தியைப் பற்றுவதையும் நழுவவிடுவதையும் அளந்தார். வில்லை அசையாது நிறுத்தி, வயலினையே முன்னும் பின்னும் நகர்த்தும் யந்திரமொன்றையும் அமைத்தார்.

சீரான தோலை இழுத்துக் கட்டிய பறையின் உப ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இசையா. ஆகவே அதில் நாதத்தைவிட இரைச்சலே மிகும் என்பது மேனாட்டுச் சாஸ்திரிகளின் முடிவு. நம் மிருதங்கம் அம்முடிவுக்கு அடங்கவில்லை. சோற்றையும் கிட்டான் கல்லின் பொடியையும் பிசைந்து, தோலின் நடுவே படிப்படியாகத் தேய்த்து ஏற்றும் கரணையே அதன் காரணம். நடுவில் கனம் கூடுவதால் அதிர்ச்சிகள் ஒழுங்குபட்டு, ஆதார ஸ்வரத்தோடு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற விகிதத்தில் இசைகின்றன. 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ராமன் இதை இங்கிலாந்தின் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டார். பின்னர் 1934-ல், தோலின்மீது மணலைத் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோடுகளைக் கொண்டு மேலும் விரிவாக விளக்கினார்.

தம்புராவையும் அவர் விடவில்லை. அதன் வளைந்த குதிரையின்மேல் தந்திக்கடியில் செருகும் சிறு நூல் உப ஸ்வரங்களையெல்லாம் எழுப்பி நாதத்திற்கு உயிரூட்டுகிறது. தேசூர்த் தறியில் அறுந்து விழும் ஒரு துண்டுப் பட்டிழை அவ்வேலைக்குப் போதும்!

1928-ல் ராமன் விளைவைக் கண்டார். 1930-ல் நோபல் பரிசு வந்தது. 1933-ல் பெங்களூர் சென்ற அவர், 1970 நவம்பர் 21-ந் தேதி அங்கேயே காலமானார்.

இச்சரித்திரத்தில் நாம் கற்கவேண்டியது யாது? நம் முன்னோர் பெருமையைப் பேசி மகிழ்வது எளிது. ஆனால் கரணையின் அளவைக் கண்டுபிடித்தது ஏட்டுப் படிப்பன்று. தோலைப் பதப்படுத்தித் தேய்த்துத் தேய்த்துக் காதால் சோதித்த தொழிலாளியின் கையே அன்றோ! அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தி, அவர் கட்டிய மிருதங்கத்தை மட்டும் ஸபை நடுவே வைத்த ஸமூகம் நம்முடையது. ராமன் சோதித்து மெய்ப்பித்தது அந்தக் கையின் அறிவைத்தான்.

இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. குரலைப் பதிகிறோம், வாத்தியம் செய்தவர் பெயரைப் பதிகிறோமா? கச்சேரி விளம்பரத்தில் வித்வானின் பெயரோடு வாத்தியம் செய்தவர் பெயரையும் அச்சிடும்படி ஸபைகளை நாம் கேட்டுக்கொள்கிறோம். ராமனின் உழைப்புக்கு நாம் செலுத்தும் மரியாதைகளில் அதுவும் ஒன்றாகும்.