சிறைக்குள் எழும்பிய கோவில்

கோவாவில் 1651-ம் ஆண்டு பிறந்தவர் அர்ச். ஜோசப் வாஸ் சுவாமியார். இலங்கையில் ஒல்லாந்தர் குருக்களைத் துரத்திவிட, கிறிஸ்தவர்கள் பூசையின்றித் தவிப்பதைக் கேள்வியுற்றார். 1687-ல் பிச்சைக்காரன் வேஷத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

1692-ல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கீசரின் ஒற்றரெனக் கோள் சொல்லப்பட்டுச் சிறைப்பட்டார். ஆயினும் சோர்ந்துபோகவில்லை. சிங்களம் கற்றார். காவல் தளர்ந்ததும் சிறை வளவிலேயே குடிசை கட்டிப் பீடம் நாட்டிப் பூசை செய்தார். பின்னர் அங்கே தேவமாதாவின் பேரால் கோவிலும் எழும்பிற்று.

1697-ல் கண்டியில் வைசூரி பரவியது. உற்றாரே கைவிட்ட நோயாளிகளைத் தம் கையாலேயே பேணினார். 1711 ஜனவரி 16-ல் கண்டியிலேயே மரித்தார். 2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரை அர்ச்சியசிஷ்டராகப் பிரகடனம் செய்தார்.

பிரியமான குடும்பத்தாரே, கோவில் தூரமென்று நம் கால்கள் தயங்கும் ஞாயிறன்று அந்தச் சிறைக் குடிசையை நினைப்போமாக.