மிலோவன் ஜிலாஸ்

ஐரோப்பாவின் தென்கிழக்கே, மலைகள் செறிந்த மாண்டினீக்ரோ நாட்டில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் மிலோவன் ஜிலாஸ். பெல்கிரேடு பல்கலைக்கழகத்தில் பயின்றபோதே மன்னராட்சியின் கொடுமை கண்டு உள்ளங்கொதித்தார். பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். அதன் பயனாக மூன்றாண்டுகள் சிறையில் வாடினார். இரண்டாம் உலகப்போரில் செருமானியர் யுகோஸ்லாவியாவைக் கைப்பற்றியபோது, டிட்டோவின் தலைமையில் மலைக்காடுகளில் மறைந்து நின்று போரிட்டார். 1945இல் வெற்றி கிட்டிற்று, ஜிலாஸ் அமைச்சரானார்.

இனி ஏழை, செல்வர் என்னும் வேற்றுமை ஒழியும் என்று மக்கள் நம்பினர். நடந்ததோ வேறு. பழைய செல்வர்களின் மாளிகைகளில் கட்சித் தலைவர்கள் குடிபுகுந்தனர். மக்கள் உணவையும் துணியையும் பங்கீட்டில் பெற்றுவந்த நாளில், தலைவர்களுக்குப் பிறர் நுழைய முடியாத தனிக் கடைகள் இருந்தன. அரசாங்கக் கார்களும் கோடை இல்லங்களும் அவர்களுக்கு வாய்த்தன. இவற்றுள் எதுவும் அவர்கள் பெயரில் எழுதப்படவில்லை. எல்லாம் மக்களின் சொத்தே. துய்ப்பவர் மட்டும் அவர்கள்! பதவி போனால் அத்தனையும் போய்விடும். ஆகவே பதவியைக் காக்க எதையும் செய்யத் துணிந்தனர். ஜிலாசும் அவ்வசதிகளை நுகர்ந்தவர்தாம். அவற்றின் இயல்பை உள்ளிருந்தே அறிந்தவர்.

1953இன் இறுதியில், கட்சியின் நாளிதழான போர்பாவில் ஆட்சியின் குறைகளைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதலானார். அவை வெளிவந்துகொண்டிருந்தபோதே நாடாளுமன்றத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1954 சனவரியில் வேறோர் இதழில் எழுதிய கட்டுரையே பெரும்புயலை எழுப்பிற்று. படைத்தலைவர் ஒருவர் இளம் நடிகை ஒருத்தியை மணந்தார். தலைவர்களின் மனைவியர் அவளோடு பழக மறுத்தனர். போரில் பங்கு கொள்ளாதவள் என்பது அவர்கள் கூறிய குற்றம்; போர் நடந்தபோது அவள் சிறுமி! அக்கட்டுரையில் பெயர்கள் இல்லை. ஆயினும் யார் யார் என்பது படித்தவர்க்கு எளிதில் விளங்கிற்று.

அம்மாதமே கட்சியின் மத்தியக் குழு கூடி அவரை விசாரித்தது. நெடுநாள் நண்பர்களே எதிர்த்துப் பேசினர். ஒரு கணம் தளர்ந்து தம் தவற்றை ஒருவாறு ஒப்புக்கொண்டார். எனினும் பதவிகள் பறிபோயின. சில திங்களில் அவரே கட்சியைத் துறந்தார்.

1956இல் அங்கேரி மக்களின் எழுச்சியை ஆதரித்து எழுதியதற்காகச் சிறைப்பட்டார். மன்னராட்சி அவரை அடைத்திருந்த அதே மித்ரோவிட்சா சிறையில் தோழர்களின் ஆட்சியும் அவரை அடைத்தது! சலுகை பெற்ற கூட்டத்தைப் பற்றி அவர் எழுதிய 'புதிய வகுப்பு' என்னும் நூல் 1957இல் அமெரிக்காவில் வெளியாயிற்று, தண்டனை நீண்டது. 1961இல் விடுதலை பெற்றவர், மறு ஆண்டே ஸ்டாலினைப் பற்றிய நூலுக்காக மீண்டும் சிறை புகுந்தார். அங்கே கழிப்பறைத் தாளில் மில்டனின் பெருங்காப்பியத்தைத் தம் தாய்மொழியில் பெயர்த்தெழுதினார். 1966இன் இறுதி நாளன்று விடுதலையானார்.

அதன்பின் பெல்கிரேடு நகரில் எழுதிக்கொண்டே வாழ்ந்தார். 1995இல் அந்நகரிலேயே மறைந்தார். அவர் போரிட்டு நிறுவிய யுகோஸ்லாவியக் கூட்டாட்சி அதற்கு முன்பே சிதறிவிட்டது.