தொழில் தேடிய இக்பால்

கல்லூரிச் சேர்க்கை நடைபெறும் நாள்களில் தமிழ்த்துறையின் வாயிலில் வந்து நிற்கும் மாணவர்கள் எல்லோரும் தமிழைத் தேடி வந்தவர்கள் அல்லர். மருத்துவம் கிட்டவில்லை, பொறியியலுக்குப் பணமில்லை, வணிகவியலில் இடம் நிரம்பிவிட்டது, எஞ்சியது இது. உடன் வரும் தந்தையார், இதைப் படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று வினவுவார். மகன் தரையை நோக்கியவாறு நிற்பான். என்னவாக விரும்புகிறாய் என்று அவனைத் தனியே அழைத்துக் கேட்டால், தெரியவில்லை ஐயா என்பதே பெரும்பாலும் அவன் தரும் விடை. அவ்விடையைச் சோம்பலின் அடையாளமாகவும், குடும்பப் பொறுப்பு இன்மையாகவும் கருதும் பெரியோர் நம்மிடையே உளர். இருபது வயதில் மட்டுமன்றி முப்பது வயதிலும் ஏறத்தாழ அதே விடையைச் சொல்லும் நிலையில் இருந்த ஒருவரின் வாழ்க்கையை அத்தகைய பெரியோர்க்கும், தரையை நோக்கி நிற்கும் அம்மாணவர்க்கும் ஒருசேர எடுத்துரைக்க விழைகிறேன். அவர் அல்லாமா முஹம்மது இக்பால்.

மீலாது மேடைகளில் நாம் கேட்டறிந்த இக்பால் தெளிந்த மனத்தினர். தம் வழியை ஐயமற உணர்ந்தவர். ஒரு சமுதாயத்தையே விழித்தெழச் செய்த கவிஞர். அச்சித்திரம் பொய்யன்று. ஆனால் அது முற்றுப்பெற்ற பின் தீட்டிய சித்திரம். அதற்கு முந்தைய ஆண்டுகளை நம் சொற்பொழிவாளர்கள் விரைந்து கடந்துவிடுகின்றனர். அவற்றில் தோல்விகள் இருப்பதே காரணம் போலும்.

பஞ்சாபிலுள்ள சியால்கோட் நகரில் 1877 நவம்பர் 9-ஆம் நாள் இக்பால் பிறந்தார். காஷ்மீரிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பம். தந்தையார் ஷைகு நூர் முஹம்மது தையற்கலைஞர்; பள்ளிப் படிப்பு இல்லாதவர்; ஆயினும் சூஃபியாக்களின் கருத்துகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். மகனுக்குத் திருக்குர்ஆனும் மார்க்கக் கல்வியும் போதும் என்று எண்ணிப் பள்ளிவாசலை ஒட்டிய மக்தபில் சேர்த்திருந்தார். அங்கு அச்சிறுவனைக் கண்டவர் சையிது மீர் ஹசன் என்னும் ஆசிரியர். அரபு, பார்ஸி, உருது இலக்கியங்களில் தோய்ந்தவர். கிறித்தவ மிஷனரிமார் நடத்திய ஸ்காட்ச் மிஷன் பள்ளியிலும் பாடம் சொன்னவர். அவர் நூர் முஹம்மதுவை நேரில் கண்டு பேசி, சிறுவனைத் தம்மிடம் அனுப்பும்படி செய்தார். மார்க்கக் கல்வியோடு நவீனக் கல்வியும் இக்பாலுக்குக் கிட்டியது அப்படித்தான். தையற்கடைக்கும் பள்ளிவாசலுக்கும் அப்பால் ஓர் உலகம் உண்டு என்பதை அவருக்குக் காட்டியவர் ஓர் உள்ளூர் ஆசிரியரே என்பதை, ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சற்றுப் பெருமிதத்தோடு குறிப்பிடுகிறேன்.

1893-இல், இன்னும் மாணவராக இருந்த நிலையிலேயே, இக்பாலுக்குத் திருமணம் நடைபெற்றது. 1895-இல் லாகூர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். 1897-இல் பி.ஏ. தேறினார். 1899-இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அத்தேர்வுக்காக அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டதை எல்லோரும் எழுதுவர். அவர் தேறியது மூன்றாம் வகுப்பில் என்பதையும், அவ்வாண்டு அப்பாடத்தில் தேறியவர் அவர் ஒருவரே என்பதையும் எழுதுவோர் குறைவு. இதனைச் சொல்வதால் இக்பாலின் பெருமை குன்றாது. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உறங்காதிருக்கும் பிள்ளைக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

பட்டம் கையில் இருந்தது. இனி என்ன செய்வது? வழக்குரைஞர் தொழிலுக்கு அக்காலத்தில் மதிப்பும் வருவாயும் மிகுதி. எம்.ஏ. பயிலும்போதே 1898 டிசம்பரில் சட்ட முதனிலைத் தேர்வு எழுதினார். நீதிநெறித் தாளில் தோற்றார். வகுப்புகளுக்கு மீண்டும் செல்லாமல் தேர்வு மட்டும் எழுத 1900-இல் அனுமதி கோரினார், அது மறுக்கப்பட்டது. பின்னர் அரசு அதிகாரியாகலாம் என்று எண்ணி 1901-இல் எக்ஸ்ட்ரா அசிஸ்டன்ட் கமிஷனர் பதவிக்குப் போட்டியிட்டார். நம் பகுதியின் துணை ஆட்சியர் பதவிக்கு நிகராகச் சொல்லத்தக்க பதவி அது. மருத்துவக் குழு அவரைத் தகுதியற்றவர் எனத் தள்ளியது. அன்று அவர் வீட்டில் எத்தகைய துயரம் நிலவியிருக்கும் என்பதை நம் இல்லங்களில் உள்ளோர் எளிதில் உணர்வர். அரசுப் பணி நழுவிய வீட்டின் அமைதி எக்காலத்திலும் ஒன்றுதான்.

இதற்கிடையே பிழைப்புக்கு ஆசிரியப் பணி இருந்தது. 1899 மே மாதம் லாகூர் ஓரியண்டல் கல்லூரியில் அரபுத் துறையில் மெக்லியோட் ரீடர் என்ற பொறுப்பில் அமர்ந்தார். பிறகு அரசுக் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். தத்துவம் பயின்றவர் அரபுத் துறையில் இருந்துகொண்டு பொருளியல் நூல் ஒன்றையும் எழுதினார்! 1904-இல் வெளியான இல்முல் இக்திஸாத் உருதுவில் எழுந்த முற்காலப் பொருளியல் நூல்களுள் ஒன்று. எந்தக் கதவு திறக்கும் என்று அறியாத இளைஞர் எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்த காலம் அது எனலாம்.

கவிதை? அது தொழில் என்ற கணக்கிலேயே சேரவில்லை. மாணவப் பருவத்திலேயே தம் கஸல்களை ஹைதராபாத் நிஜாமின் அவைக்களப் புலவர் தாக் தெஹ்லவிக்கு அஞ்சலில் அனுப்பித் திருத்தம் பெற்றார். திருத்துவதற்கு இனி அதிகமில்லை என்று அப்புலவர் விரைவிலேயே தெரிவித்துவிட்டார். 1900-இல் லாகூரில் அஞ்சுமனே ஹிமாயத்தே இஸ்லாம் சங்கத்தின் ஆண்டு விழாவில் அநாதைக் குழந்தையின் புலம்பலாக ஒரு நெடும்பாடலை அரங்கேற்றினார். 1901-இல் அப்துல் காதிர் தொடங்கிய மக்ஸன் இதழ் அவருடைய இமயமலைப் பாடலை வெளியிட்டது. நாடறிந்த தரானா-ஏ-ஹிந்தி 1904-இல் பிறந்தது. மக்கள் அவரைக் கவிஞர் என்று அழைக்கத் தொடங்கிவிட்டனர். அவரோ தாம் யாரென்று தேடிக்கொண்டிருந்தார்.

அரசுக் கல்லூரியில் அவருக்குத் தத்துவம் கற்பித்தவர் தாமஸ் ஆர்னால்டு. இஸ்லாம் உலகில் பரவிய வரலாற்றை நடுநிலையோடு எழுதிய ஆங்கிலேயப் பேரறிஞர். அவர் 1904-இல் தாயகம் திரும்பினார். ஆசிரியரைப் பின்பற்றி மேல்நாடு சென்று பயிலும் ஆவல் மாணவருக்குள் எழுந்தது. பணத்துக்கு எங்கே போவது? இக்பாலுக்கு வயதில் மிக மூத்த தமையனார் ஒருவர் உண்டு; பெயர் அதா முஹம்மது; இராணுவப் பொறியியல் பிரிவில் பணியாற்றியவர். தம் உழைப்பின் ஊதியத்தைத் தம்பியின் படிப்புக்குத் தந்தார். வளைகுடாவில் வெயிலில் நின்று தம்பியைப் படிக்க வைக்கும் அண்ணன்மாரை நாம் அறிவோம். அதா முஹம்மது அவர்களுக்கு மூத்தவர்.

1905-இல் இக்பால் கேம்பிரிட்ஜ் சென்று ட்ரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளுக்குள் அங்குப் பட்டம் பெற்றார். பாரசீகத்தில் மெய்ப்பொருளியல் வளர்ந்த வரலாற்றை ஆய்ந்து 1907-இல் ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1908-இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். லாகூரில் முதனிலைத் தேர்வில் தோற்றவர் லண்டனில் பாரிஸ்டர் ஆனார் என்று மட்டும் சொல்லி முடித்தால் அது வெற்றிக் கதை ஆகிவிடும். நடந்தது அவ்வளவு எளிதன்று.

இங்கிலாந்தில் இருந்தபோதுதான் இக்பால் கவிதையையே கைவிட்டுவிட முடிவு செய்தார். செயல் வேண்டிய காலத்தில் பாட்டெழுதிப் பொழுதைப் போக்குவது வீண். அந்நேரத்தைப் பயனுள்ள வேறு பணிக்குச் செலவிடலாம் என்பது அவர் எண்ணம். அப்போது லண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த அப்துல் காதிரிடம் இதனைத் தெரிவித்தார். நண்பர் எவ்வளவோ வாதிட்டும் இக்பால் முழுதும் இணங்கவில்லை. இறுதியில் வழக்கை ஆர்னால்டிடம் கொண்டு செல்வது என்றும், அவர் சொல்வதே தீர்ப்பு என்றும் இருவரும் உடன்பட்டனர். ஆர்னால்டு நண்பரின் பக்கம் தீர்ப்பளித்தார். இக்பால் கவிதைக்குச் செலவிடும் நேரம் அவருக்கும் அவருடைய நாட்டுக்கும் பயன் தருவதே என்பது அவர் கருத்து. இக்பால் ஏற்றுக்கொண்டார்.

இந்நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நூற்றாண்டின் பெருங்கவிஞர் ஒருவர் கவிஞராக நீடித்தது தம் சொந்தத் தெளிவினால் அன்று; தம்மைவிடத் தம்மை நன்கு அறிந்த இருவரின் சொல்லை மதித்ததால். தன்னுள் இருப்பது என்ன என்று தனக்கே தெரியாத பருவத்தில் அதனை இனங்கண்டு சொல்ல ஒரு மீர் ஹசனோ ஆர்னால்டோ நம் மாணவர்களுக்கு வாய்க்கிறார்களா? ஆசிரியர்களாகிய நாம்தான் விடை கூற வேண்டும். வருகைப் பதிவேட்டை நிரப்புவதோடு நம் கடமை முடிந்துவிடுவதாகப் பல நாள் நானும் நடந்துகொண்டிருக்கிறேன்.

1908 ஜூலை இறுதியில் இக்பால் லாகூர் திரும்பினார். வயது 30. கேம்பிரிட்ஜ், மியூனிக், லிங்கன்ஸ் இன் ஆகிய மூன்று இடங்களின் தகுதிகள் கையில். அலிகர் கல்லூரி தத்துவப் பேராசிரியர் பதவியைத் தர முன்வந்தது, மறுத்தார். லாகூர் அரசுக் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் பதவியைத் தர முன்வந்தது, அதனையும் மறுத்தார். சுற்றத்தார் திகைத்திருப்பர். வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டார்; ஆனால் வழக்குகள் எளிதில் வந்து குவிந்துவிடவில்லை. 1909 ஏப்ரலில் அதிய்யா ஃபைஸி என்னும் அம்மையாருக்கு எழுதிய மடலில், எந்தப் பணியிலும் சேர விருப்பமில்லை என்றும், இந்நாட்டை விட்டே ஓடிவிடத் தோன்றுகிறது என்றும், தமையனுக்குப் பட்ட நன்றிக்கடனே தம்மைக் கட்டி வைத்திருக்கிறது என்றும் மனம் கசந்து குறிப்பிட்டார். அவருடைய இல்லறத்திலும் அப்போது அமைதி இல்லை. இத்தனை பட்டங்களுக்குப் பின்னும் ஒருவர்க்கு இத்தகைய இருள் சூழும் என்பதை அம்மடலைப் படித்தவர் அறிவர்.

அவ்வாண்டிலேயே அரசுக் கல்லூரியில் தத்துவம் கற்பிக்க ஆள் இல்லாமற்போகவே இக்பாலைத் தற்காலிகமாக அழைத்தனர். காலையில் கல்லூரி, பின்னர் நீதிமன்றம். அவருடைய வழக்குகளைக் கல்லூரி நேரத்துக்குப் பின் எடுத்துக்கொள்ள நீதிபதிகள் இசைந்தனர். இருவகை வருவாயும் நன்மதிப்பும் கிட்டிய ஏற்பாடு. 1910 முடியும் வேளையில் அவர் கல்லூரிப் பணியைத் துறந்தார். காரணம் கேட்ட தம் பணியாளர் அலி பக்ஷிடம், தம் மக்களுக்குச் சொல்ல வேண்டிய செய்திகள் சில உள்ளன, அரசின் ஊழியனாக இருந்தால் அவற்றை வெளிப்படையாகச் சொல்ல இயலாது என்ற பொருள்பட விளக்கினாராம். 1911 ஏப்ரலில் அஞ்சுமன் மேடையில் ஷிக்வா அரங்கேறியது. இறைவனிடமே முறையிடும் அப்பாடலை அரசுக் கல்லூரி ஆசிரியராக இருந்து பாடியிருக்க முடியாதா என்று கேட்கலாம். முடிந்திருக்கலாம். ஆனால் அதைத் தொடர்ந்து வந்த அரசியல் பாடல்கள் பலவற்றைப் பாடியிருக்க முடியாது.

ஆக, இக்பால் வழக்குரைஞர் தொழிலைத் தேர்ந்தது அதன்மேல் கொண்ட காதலால் அன்று. அது வயிற்றுக்குச் சோறிட்டது, வாயைக் கட்டவில்லை. மாதச் செலவுக்குப் போதிய வழக்குகள் சேர்ந்துவிட்டால் அதற்குமேல் வருவனவற்றை அவர் ஏற்பதில்லை என்று அவரோடு பழகியவர்கள் சொல்வர். இதற்கு அவர் விலையும் கொடுத்தார். பெருஞ்செல்வம் சேரவில்லை. உயர்நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு அவருடைய பெயர் அடிபட்டும் அது கைகூடவில்லை. அஸ்ராரே குதீ என்னும் பார்ஸிக் காவியம் 1915-இல் வெளிவந்தபோது சூஃபி மரபினர் பலர் சினந்தனர். எனினும் அந்நூலை நிக்கல்சன் 1920-இல் ஆங்கிலத்தில் பெயர்க்க, அவர் புகழ் மேல்நாட்டில் பரவியது. 1923-இல் ஸர் பட்டம் வழங்க முன்வந்தபோது தம் ஆசிரியர் மீர் ஹசனுக்கும் சிறப்புச் செய்ய வேண்டும் என்றார். அவர் எழுதிய நூல் யாது என்று ஆளுநர் வினவ, தாமே அவருடைய நூல் என்று இக்பால் விடையிறுத்ததாகச் சொல்வர். மீர் ஹசன் ஷம்ஸுல் உலமா ஆனார்.

1934-இல் தொண்டை நோயால் குரல் போயிற்று. வழக்காடும் தொழிலும் நின்றது. மறு ஆண்டு முதல் போபால் நவாப் மாதம் 500 ரூபாய் அளித்து வந்தார். 1938 ஏப்ரல் 21-ஆம் நாள் வைகறையில் இக்பால் இறையடி சேர்ந்தார். லாகூர் பாத்ஷாஹி பள்ளிவாசலின் அருகே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அதற்கு ஒன்பதாண்டுகளுக்கு முன்னர், 1929 ஜனவரியில், அவர் நம் சென்னைக்கு வந்தார். அழைத்தவர் தோல் வணிகர் ஜமால் முஹம்மது சாகிப். திருச்சிராப்பள்ளியில் 1951-இல் எழுந்த கல்லூரி இவ்வள்ளலின் பெயரையே தாங்கி நிற்கிறது. தத்துவப் பேராசிரியர் பதவியை இருபது ஆண்டுகளுக்கு முன் வேண்டாம் என்றவர், கோகலே மண்டபத்தில் இஸ்லாமியத் தத்துவம் குறித்து மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றையும் பின்னர் எழுதியவற்றையும் உள்ளடக்கிய நூல் 1930-இல் அச்சேறியது. சென்னையிலிருந்து பெங்களூர், மைசூர் வழியே சென்று, ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அடக்கத்தலத்தைக் கண்டு, ஹைதராபாத்திலும் உரையாற்றிவிட்டு லாகூர் திரும்பினார். அங்கே நீதிமன்றத்தில் அவருடைய வழக்குகள் காத்திருந்தன.