பங்குச் சந்தையைக் கணக்கில் அளந்தவர்

நாளை பங்கின் விலை ஏறுமா, இறங்குமா? இதற்கு விடை தேடிச் செல்வத்தை இழந்தோர் பலர். விடை கூற இயலாது என்பதையே கணக்காக்கிக் காட்டியவர் பிரான்சு நாட்டுக் கணித மேதை லூயி பாஷெலியே.

இவர் 1870-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் லெ ஆவ்ர் துறைமுக நகரில் பிறந்தார். தந்தையார் திராட்சை இரச வணிகர். பள்ளிப் படிப்பை முடித்த மறு ஆண்டே, 1889-இல், பெற்றோர் இருவரையும் இழந்தார். மேற்படிப்பு ஆசையை ஒதுக்கி வைத்து, வணிகத்தையும் உடன்பிறந்தோரையும் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். இராணுவப் பணியும் முடித்த பின்னரே பாரிசு சென்று கணிதம் பயின்றார்.

1900-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள், ஊக வணிகம் பற்றிய ஆய்வுரையை அவர் சமர்ப்பித்தார். விலை ஏறும் என்று ஒருவர் வாங்கும்போது, இறங்கும் என்று மற்றொருவர் விற்கிறார். ஆகவே சந்தையில் ஊகம் செய்வோருக்கு எதிர்பார்க்கத்தக்க சராசரி இலாபம் பூச்சியமே என்றார். ஆயினும் விலை எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதைக் கணக்கிடலாம். அவ்விலகல் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளரும். ஒரு நாளில் 2 பிராங்கு எனில், 4 நாளில் 4 பிராங்கு; 9 நாளில் 6 பிராங்கு. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்வதே காரணம். நீரில் மிதக்கும் நுண்துகள்களின் அசைவுக்கு இதே கணக்கை ஐன்ஸ்டைன் கண்டது 1905-இல்தான்!

ஆனால், சந்தை வியாபாரம் கணிதத்துக்குரிய பொருளா என்று அறிஞர் பலர் தயங்கினர். ஆய்வுரைக்கு முதல்தர மதிப்பு கிட்டவில்லை. முதல் உலகப் போரில் படைவீரராகப் பணியாற்றித் திரும்பியவர், நிலையான பதவியின்றி ஊர் ஊராக ஆசிரியப் பணி செய்தார். 1926-இல் அவரது கட்டுரையொன்றை மற்றொரு கணித அறிஞர் தவறாகப் புரிந்துகொண்டதால் ஒரு பதவியும் கைநழுவியது. மறு ஆண்டு, தமது 57-ஆம் வயதில், பெசான்சோன் நகரில் பேராசிரியரானார். 1946-இல் மறைந்தார்.

1950-களில் அமெரிக்க அறிஞர் பால் சாமுவேல்சன் அவ்வாய்வுரையைப் படித்துப் பிறரறியச் செய்தார். அவ்வழியில் வளர்ந்த ஆய்வுக்கு 1997-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அக்கணக்குக்கும் எல்லை உண்டு. 1987 அக்டோபர் 19-இல் நியூயார்க் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. அத்தகைய பெருவீழ்ச்சி, பாஷெலியேயின் கணக்குப்படி நிகழவே வாய்ப்பில்லாதது எனலாம்.

தோழியரே, நாளையை அறிந்ததாகச் சொல்வோர் எக்காலத்தும் உண்டு. நாம் அறியாதது எவ்வளவு என்று நேர்மையாக அளந்தவர் பாஷெலியே. வாழ்நாளில் பாராட்டு குறைந்தாலும் உழைப்பு வீண்போகாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.