தந்தி கண்டுபிடித்த ஓவியர்

ஒரு காலத்தில் தந்திச் சேவகர் தெருவுக்குள் நுழைந்தாலே வீட்டில் உள்ளவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். தந்தியைப் பிரிப்பதற்கு முன்பே சில வீடுகளில் அழுகை தொடங்கிவிடும். யாருக்கு என்ன ஆயிற்றோ என்ற பயம்!

அந்தத் தந்தியை உலகுக்குத் தந்தவர் சாமுவேல் மோர்ஸ். அவருக்கும் ஒரு நாள் சாவுச் செய்தி வந்தது. அப்போது தந்தி இல்லை. தபாலில் வந்தது. வந்து சேர நாலு நாள் ஆயிற்று.

அந்தச் சமயம் மோர்ஸ் ஓர் ஓவியர். ஒரு பெரிய மனிதரின் படத்தை எழுதுவதற்காக வெளியூர் போயிருந்தார்.

பாதிரியார் மகன்

மோர்ஸ் 1791-ம் ஆண்டு, அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த சார்லஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார். பூகோளப் புத்தகங்கள் எழுதிப் பெயர் பெற்றவர். மகனை யேல் கல்லூரியில் படிக்க வைத்தார்.

மகனுக்குச் சிறு வயது முதலே படம் எழுதுவதில் ஆசை. கல்லூரியில் உடன் படித்தவர்களின் முகங்களைத் தந்தத் துண்டுகளில் சின்னஞ்சிறு படமாக எழுதிக் கொடுத்தார். ஒரு படத்துக்கு 5 டாலர் கூலி. அது அவருடைய கைச்செலவுக்கு உதவியது.

1811-ல் ஓவியம் கற்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார். நாலு ஆண்டு அங்கே இருந்தார். புராணக் காட்சிகளையும் சரித்திரக் காட்சிகளையும் பெரிய பெரிய படங்களாக எழுதவேண்டும் என்பது அவர் கனவு.

ஊர் திரும்பியதும் கனவு கலைந்தது. அந்தப் படங்களை வாங்க ஆள் இல்லை. ஜனங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தங்கள் முகத்தை எழுதித் தரவேண்டும்!

முகத்துக்கு 15 டாலர்

போட்டோ பிடிக்கும் முறை உலகுக்குத் தெரிய வந்தது 1839-ல்தான். அதற்கு முன்பு, அப்பாவின் முகமோ குழந்தையின் முகமோ வீட்டில் நிலைத்திருக்க வேண்டுமானால் ஓவியரைத்தான் கூப்பிட வேண்டும். முதலில் கூலி பேசுவார்கள். முகம் மட்டும் என்றால் ஒரு விலை. முழு உருவம் என்றால் அதைவிடப் பல மடங்கு. பிறகு ஓவியர் முன்னால் அசையாமல் உட்கார வேண்டும். ஒரு நாளில் முடியாது. பல நாள் வந்து உட்கார வேண்டும்.

மோர்ஸ் பெட்டியும் தூரிகையுமாக ஊர் ஊராகப் போனார். முகத்துக்கு 15 டாலர் வாங்கினார். அப்படிப் போன ஓர் ஊரில்தான் லுக்ரீஷியா என்ற பெண்ணைக் கண்டார். 1818-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

தெற்கே உள்ள சார்ல்ஸ்டன் நகரில் கொஞ்ச காலம் நல்ல வரும்படி. அங்கே படத்துக்கு 60 டாலர் கிடைத்தது. அந்த நகரத்தார் ஜனாதிபதி மன்ரோவின் படத்தை எழுதும் வேலையையும் அவருக்கே கொடுத்தார்கள். ஆனால் அந்த யோகம் நீடிக்கவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் நியூஹேவன் நகரில் தம் பெற்றோர் வீட்டில் விட்டுவிட்டு, நியூயார்க்கில் வேலை தேடினார் மோர்ஸ்.

வந்தது அதிர்ஷ்டம்

அப்போது லாபயத் பிரபு அமெரிக்காவுக்கு வந்திருந்தார். அவர் பிரெஞ்சுக்காரர். 19 வயதில் கடல் கடந்து வந்து, அமெரிக்காவின் சுதந்திரத்துக்காகப் போர் செய்த வீரர். கிழவராகத் திரும்பி வந்த அவரை ஊர் ஊராக வரவேற்றார்கள். அவருடைய முழு உருவப் படத்தை நகர மண்டபத்தில் மாட்ட விரும்பியது நியூயார்க் நகரசபை.

பேர்பெற்ற ஓவியர்கள் போட்டி போட்டார்கள். வேலை மோர்ஸுக்குக் கிடைத்தது! கூலி 1,000 டாலர் அளவில் வரும். இனி நியூயார்க்கில் வீடு பார்க்கலாம். மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம். கணவனும் மனைவியும் பூரித்துப் போனார்கள்.

1825 பிப்ரவரியில் மோர்ஸ் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார். லாபயத் அவர் முன் உட்கார்ந்தார். முகம் துணியில் உருவாகத் தொடங்கியது. 10-ந் தேதி மோர்ஸ் மனைவிக்குக் கடிதம் எழுதினார். பிரபுவைச் சந்தித்த விவரத்தைச் சொல்லி, அவளிடமிருந்து கடிதம் வரக் காத்திருப்பதாகத் தெரிவித்தார்.

அந்தக் கடிதத்தைப் படிக்க லுக்ரீஷியா உயிரோடு இல்லை.

மூன்றாவது குழந்தை பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பிப்ரவரி 7-ந் தேதி திடீரென்று அவள் இறந்துவிட்டாள். வயது 25. தகப்பனார் எழுதிய கடிதம் மோர்ஸ் கையில் கிடைத்தது 11-ந் தேதி. தூரிகையைப் போட்டுவிட்டு வண்டி ஏறினார். சுமார் 300 மைல் பயணம். வீடு போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

ஆயிரம் முகங்களை நிதானமாகப் பார்த்து எழுதத் தெரிந்தவர். சொந்த மனைவியின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்க முடியவில்லை.

மீண்டும் தூரிகை

லாபயத் ஆறுதல் கூறிக் கடிதம் எழுதினார். வாங்கிய வேலையை மோர்ஸ் கைவிடவில்லை. தாயில்லாத மூன்று குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டுமே! 1826-ல் படம் முடிந்தது. அந்தி வானத்தின் முன்னே லாபயத் நிமிர்ந்து நிற்கிறார். பக்கத்தில் வாஷிங்டன், பிராங்க்ளின் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள். இன்னொரு பீடம் காலியாக இருக்கிறது. அது லாபயத்துக்காகக் காத்திருக்கும் இடம்.

சில ஆண்டுகள் சென்றன. 1832-ல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் கப்பலில், மின்சாரம் எவ்வளவு நீளக் கம்பியிலும் நொடியில் பாயும் என்று பயணிகள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுதான் தந்திக்கு வித்து. மனைவியை இழந்த துக்கத்தில் அதைக் கண்டுபிடித்தார் என்று கதையாகச் சொல்வார்கள். அப்படி உடனே நடந்துவிடவில்லை. ஆனால் ஒரு செய்தி தாமதமானால் என்ன ஆகும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அவர் செய்த முதல் கருவியின் சட்டம் எது தெரியுமா? ஓவியத் துணியை இழுத்துக் கட்டும் மரச் சட்டம்! 1837-ல், அமெரிக்கப் பார்லிமெண்ட் கட்டடத்தில் சரித்திரப் படம் எழுதும் வேலை அவருக்குக் கிடைக்காமல் போயிற்று. மனம் வெறுத்து, தந்தியிலேயே முழுக்க இறங்கினார்.

1844 மே 24-ந் தேதி, வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குக் கம்பி வழியே செய்தி பறந்தது. எந்த நகரில் அவருக்குச் செய்தி நாலு நாள் தாமதமாக வந்ததோ, அதே நகரிலிருந்து இப்போது நொடியில் போயிற்று.

மோர்ஸ் 1872-ல், 80-வது வயதில் காலமானார். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. லாபயத்தின் படமோ நியூயார்க் நகர மண்டபத்துக்கே உரியதாக இருக்கிறது. அந்தி வானத்தை எழுதிய கை எவ்வளவு துக்கத்தைச் சுமந்து எழுதியது என்பது அதைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?