துப்பாக்கியில் தொடங்கிய பறவை மனிதர்... மயில் தொல்லைக்கு சலீம் அலி வாழ்க்கையில் பதில் இருக்கா?

கோவை, திருப்பூர் பக்கம் தோட்டம் வெச்சிருக்கிற சொந்தக்காரங்க யாராவது உங்களுக்கு இருந்தா, இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பீங்க. விதை போட்ட மறுநாளே மயில் கூட்டம் இறங்கிடுது. சோளம், நிலக்கடலை, தக்காளினு எதையும் விடறதில்லை. விரட்டினா பக்கத்துத் தோட்டத்துக்குப் போகுது, அரை மணி நேரத்துல திரும்பி வருது. சுடவும் முடியாது. மயில் நம் தேசியப் பறவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை.

அமெரிக்காவில் இதே புலம்பல் நகரப் பூங்காக்களில் கேட்கும். அங்கே பிரச்னை கனடா வாத்து. அதில் உடல் பெருத்த ஒரு வகை, வேட்டையால் அழிந்தேபோய்விட்டது என்று நம்பினார்கள். 1962-ல் மின்னசோட்டா மாநிலத்தில் அது மறுபடி கண்ணில் பட்டது. பாதுகாத்தார்கள், பெருகியது. இப்போ பூங்காப் புல்வெளியெல்லாம் எச்சம். ஊருக்கு வெளியே உரிமம் வாங்கியவர்கள் சீசனில் வேட்டையாடலாம். குழந்தைகள் விளையாடுற பூங்காவில் துப்பாக்கி எடுக்க முடியாதே! அதனால் கூட்டில் இருக்கும் முட்டையில் எண்ணெய் தடவி, பொரிக்காமல் செய்கிறார்கள்.

ஆக, ரெண்டு ஊரிலும் கேள்வி ஒன்றுதான். பெருகிப்போன பறவையைத் துப்பாக்கியால் குறைக்கலாமா, கூடாதா? இதற்குப் பதில் தேட ஒருவரின் வாழ்க்கை உதவும். துப்பாக்கியும் பறவையும் அவர் கையில் 80 வருஷம் இருந்தன. அவர் பெயர் நம்ம கோவை ஆனைகட்டியிலேயே இருக்கிறது. சலீம் அலி.

ஒரு சிட்டு மாற்றிய வாழ்க்கை

1896 நவம்பர் 12-ல் மும்பையில் பிறந்தார் சலீம். குடும்பத்தில் பத்தாவது, கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பா இறந்தார், மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமா அமிருதீன் தியாப்ஜிதான் வளர்த்தார். மாமா வேட்டைப் பிரியர். பையன் கையில் ஏர்கன் வந்தது அப்படித்தான்.

ஒரு நாள் சிறுவன் சலீம் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. வழக்கமான குருவி மாதிரி இல்லையே என்று மாமாவிடம் காட்டினான். அவர் ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு விடவில்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். சலீமின் வாழ்க்கை அன்றைக்குத் திரும்பியது.

அதுக்கப்புறம் எல்லாம் நேர்ப்பாதைனு நினைச்சுடாதீங்க. படிப்பு பாதியில் நின்றது. பர்மாவில் குடும்பத் தொழிலைப் பார்த்தார், சரிப்படவில்லை. 1918-ல் தெஹ்மினாவைத் திருமணம் செய்துகொண்டார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதால் அரசு விலங்கியல் நிறுவனத்தில் வேலை கிடைக்கவில்லை. மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை கிடைத்தது. விடுப்பு எடுத்து ஜெர்மனி போய், எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற நிபுணரிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினால், நிதி இல்லை என்று அந்த வேலையும் போயிருந்தது.

வேலை இல்லாத அந்த நாள்களில் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தங்கினார். வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள். மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். ஓர் ஆண் குருவி ஒரு கூட்டைப் பாதி கட்டி ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு, அடுத்து இன்னொரு கூட்டுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் போகிறது என்பதைக் கண்டுபிடித்தார். இதற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. பொறுமை மட்டும் போதுமாக இருந்தது.

வால்பாறைக்குப் பக்கத்து மலையில்...

அடுத்து சமஸ்தானங்களுக்குக் கடிதம் எழுதினார். முகாம் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும், சம்பளமே இல்லாமல் உங்கள் ஊர்ப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்றார். 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் முறை. அந்தப் பயணத்தில் அவர் தங்கிய இடங்களில் ஒன்று பரம்பிக்குளம் காட்டில் இருக்கும் குரியார்குட்டி. வால்பாறைக் குன்றுகளும் பரம்பிக்குளமும் ஒரே ஆனைமலைத் தொடர்தான். தேக்கு மரங்களைச் சாலக்குடிக்கு இறக்க அப்போது அந்தக் காட்டுக்குள் டிராம் ஓடிக்கொண்டிருந்தது. தெஹ்மினாவும் கூடவே வந்தார். 1939-ல் அவர் இறந்தபோது சலீம் அலி உடைந்துபோனார். பிறகு மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இந்தக் கணக்கெடுப்புகளில் அவர் பறவைகளைச் சுட்டார். அடையாளம் காண, அளவெடுக்க, பாடம் செய்து வைக்க அன்றைக்கு அதுதான் வழி. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. ஒரு பறவை சாவதை விட, அந்த இனம் நிலைக்குமா என்பதுதான் அவருக்குப் பெரிய கேள்வி.

4,273 பறவைகள், ஒரே நாள்

ராஜஸ்தானின் பரத்பூர் ஏரிக்கு வடக்கிலிருந்து வாத்துகளும் வரித்தலை வாத்துகளும் லட்சக்கணக்கில் வரும். நம்ம கூந்தன்குளத்துக்கு வருமே, அதே வரித்தலை வாத்துதான். 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. எந்தப் பறவை பெருகிவிட்டது என்று பார்த்தா சுட்டார்கள்? வேடிக்கைக்காகத்தான்.

ஆனா, கதையில் ஒரு திருப்பம் இருக்கு. அந்த ஏரி தப்பிப் பிழைத்ததே மகாராஜாவின் வேட்டைக்களமாக இருந்ததால்தான். சுதந்திரத்துக்குப் பிறகு, தண்ணீரை வடித்துவிட்டு நிலத்தை விவசாயத்துக்குக் கொடுக்கச் சொல்லிக் கோரிக்கை எழுந்தது. ஏரியைக் காப்பாற்ற நேரு வரை போனார் சலீம் அலி. ஏரி பிழைத்தது. 1982-ல் தேசியப் பூங்காவும் ஆனது.

அப்போது எருமைகள் உள்ளே மேயத் தடை வந்தது. தடையை ஆதரித்தவர்களில் சலீம் அலியும் ஒருவர். எதிர்ப்பில் துப்பாக்கிச்சூடு நடந்து ஊர்க்காரர்கள் சிலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? மேய எருமை இல்லாததால் புல் மண்டி, தண்ணீர்ப் பரப்பை அடைத்தது. பறவைகளின் எண்ணிக்கை சரிந்தது. இதை வெளிக்கொண்டு வந்தது யார்? சலீம் அலி தொடங்கிவைத்து, வி.எஸ்.விஜயன் களத்தில் நடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வேதான். தாங்கள் நம்பியதற்கு எதிராக வந்த முடிவை அவர்கள் மூடி மறைக்கவில்லை. அந்த விஜயன்தான் பின்னாளில் கோவையில் உருவான சலீம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநர்.

ஒன்றை எடுத்தால் இன்னொன்று பெருகும். பரத்பூர் கற்றுத்தந்த விலை உயர்ந்த பாடம் இது.

கானமயிலா, மயிலா?

தேசியப் பறவையைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு வந்தபோது சலீம் அலி சொன்ன பெயர் மயில் இல்லை. வேட்டையாலும் புல்வெளி அழிவாலும் குறைந்துகொண்டிருந்த கானமயில். அப்படி ஒரு பட்டம் கொடுத்தால் அதற்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்பது அவர் எண்ணம். 1963-ல் மயிலே தேர்வானது.

இன்றைய நிலவரத்தைப் பாருங்க. கானமயில் இந்தியாவில் சுமார் 150 தான் மிஞ்சியிருக்கிறது. மயிலோ வேகமாகப் பெருகிவருவதாக, 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை சொல்கிறது. கொங்குப் பகுதியில் தரிசாகக் கிடக்கும் நிலம் கூடியிருக்கிறது. புதரில் கூடு, பக்கத்திலேயே தானியம். முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரி குறைந்துவிட்டது. மயிலுக்கு வேறென்ன வேணும்?

வால்பாறை இதற்கு நேரெதிர் உதாரணம். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையில், கூரையில், சில நேரம் சமையலறையிலேயே இருக்கும். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது பெருகிப்போன தொல்லை. ஆனா, உலகத்தில் மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத, அழிவின் விளிம்பில் இருக்கும் குரங்கு அது. அதன் வீடான சைலன்ட் வேலியை அணையிலிருந்து காக்கக் குரல் கொடுத்தவர்களில் சலீம் அலியும் உண்டு. கண்முன்னால் நிறைய தெரிவது எல்லாம் நிஜமாகவே நிறைய இருப்பதாக அர்த்தமில்லை.

அப்போ, சுடலாமா?

சலீம் அலி 1987 ஜூன் 20-ல், 90 வயதில் இறந்தார். இன்றைய மயில் பிரச்னைக்கு அவரிடம் கேட்க முடியாது. ஆனா, அவர் வேலை செய்த முறை நம்மிடம் இருக்கிறது. துப்பாக்கியை அவர் பாவம் என்று ஒதுக்கவில்லை, முதல் பதிலாகவும் எடுக்கவில்லை. முதலில் எண்ணினார், பிறகு காரணத்தைத் தேடினார்.

காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 தொடக்கத்தில் இப்படி ஒரு கோடு போட்டது. காட்டிலிருந்து 1 கி.மீ வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடலாம். மயிலுக்கு அப்படி ஒரு கோடு வேண்டுமா என்பது நியாயமான விவாதம். நஷ்டப்படும் விவசாயியின் குரல் அதில் முதலில் கேட்க வேண்டும். கோடு எதுவும் இல்லாத இடத்தில் விஷம் கலந்த தானியம்தான் முடிவெடுக்கிறது. அதைத் தின்று மயில் மட்டும் சாவதில்லை. காடை, கௌதாரி, புறா எல்லாம் கூடவே சாகும்.

உங்க கையில் ஸ்மார்ட்போன் இருக்கு இல்லையா? அதில் இபேர்ட் செயலியை இறக்கிக்கோங்க. அடுத்த முறை அப்பிச்சி வீட்டுத் தோட்டத்துக்குப் போகும்போது, காலையில் 15 நிமிஷம் உட்கார்ந்து எத்தனை மயில், எத்தனை குஞ்சு, எந்தப் பயிரில் இறங்குதுனு எண்ணிப் பதிவு பண்ணுங்க. பயிர் சேதத்தைப் போட்டோ எடுத்து வனத்துறை அலுவலகத்தில் மனு கொடுக்க அப்பிச்சிக்கு உதவுங்க. சுடலாமா, வேண்டாமா என்று அரசு முடிவெடுக்கும் நாளில், அந்த எண்ணிக்கை மேஜைமேல் இருக்க வேண்டும்.